அமலி அக்காவின் பெருவிரல்

அமலி அக்காவின் வலது கைப் பெருவிரலுக்கு ஏழு வருஷமாக மன வியாதி. மற்றபடி அக்காவுக்கு ஒரு குறையும் கிடையாது. உப்பளத்தில் இருபது வருஷம் நின்றதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன, அது வேறு சங்கதி. மனசு மட்டும் கல்லுக்குண்டாட்டம் இருந்தது. புருஷன் செத்தபோது தெருவே கேட்கும்படி அழுதுவிட்டு, முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பெரிய மகளுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தவள் அவள். அப்பேர்ப்பட்டவளின் பெயருக்கு எதிரே அரசாங்கக் கணினியில் ‘நீடித்த மனச்சோர்வு, தொடர் சிகிச்சை’ என்று எழுதியிருந்தது. மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பிலோமி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தூத்துக்குடியில் அந்தத் தெருவில் மாத்திரை ஓரிடம், ரேகை ஓரிடம்.

நிதான எண் வந்த கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். எங்கோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் சரக்குப் பெட்டியைத் தவறவிட்டார். கீழே நின்ற மூன்று பேர் செத்தார்கள். விசாரணை வைத்ததில், அந்த ஆள் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர் என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் தொடர்ந்து பதினாறு மணி நேரம் வேலை பார்த்திருந்தார் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. மறு வருஷமே கிரேன்காரர்களுக்கு நிதான எண் வந்தது, நூற்றுக்கு எண்பது இருந்தால்தான் வேலை. பிறகு பஸ் டிரைவர்களுக்கு, நர்சுகளுக்கு, வாத்தியார்களுக்கு. கடைசியில் கல்யாணத் தரகர்கள்கூட ஜாதகத்தோடு சேர்த்து அதையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

எண்ணைக் கணக்கிடுவது மருந்துக் கடை. அந்த வகை மாத்திரை வாங்கினால் பெருவிரலை வைக்க வேண்டும், வைத்த ஒவ்வொரு முறையும் எண் இறங்கும். மாத்திரை வாங்காமல் ஒருவன் தலைவிரி கோலமாக நடுரோட்டில் நின்றாலும் அவனுக்கு நூற்றுக்கு நூறுதான். இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்திருக்க வேண்டும், நம்மால் முடியாது.

பிலோமி என்கிற பிலோமினா மச்சாதுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. நெய்தல் முனையம் என்ற சரக்குப் பெட்டிக் கம்பெனியில் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை. இரண்டாவது குழந்தை எட்டாம் மாசம் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. புருஷன் ரொமால்ட் கப்பலில் இருந்தான். அவள் ஒரு மாசத்தில் வேலைக்குத் திரும்பினாள், எல்லாரும் மெச்சினார்கள். வீட்டில் மட்டும் பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அணைக்கத் தோன்றாது. மூன்று வயது மகன் டானி வந்து சேலையைப் பிடித்து இழுக்க வேண்டும். டாக்டர் அம்மாள் ஒரே ஒரு மாத்திரை எழுதினாள். “காலையில ஒண்ணு, விடாம போடணும். சர்க்கரைக்குப் போடுற மாதிரிதான்மா இதுவும்,” என்றாள்.

சீட்டை எடுத்துக்கொண்டு தங்கராஜ் அண்ணாச்சியின் மருந்துக் கடைக்குப் போனவளுக்கு விரலை வைக்க வரவில்லை. வைத்தால் வேலை போகும். வைக்காவிட்டால் என்ன போகும் என்று அவளுக்கே தெரியும். முழங்கால் தைலம் வாங்கப் பின்னால் நின்ற அமலி அக்கா அவள் முகத்தையும் சீட்டையும் பார்த்தாள், தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள், தன் பெருவிரலை அந்தக் கண்ணாடியில் அழுத்தினாள்.

“ஏட்டி, எனக்கு இனிமே எந்தக் கம்பெனிக்காரன் வேல குடுக்கப் போறான்? எங்கையிலயும் ரேகை கெடக்கு, உப்புல தேஞ்சது போக மிச்சம். நீ வச்சிக்க.”

அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் தெருவெல்லாம் பரவிவிட்டது. உறைமோர் கேட்பது போல ஒருவரிடம் ஒருவர் ரேகை கேட்டார்கள். வேலைக்குப் போகாதவர்கள் வேலைக்குப் போகிறவர்களுக்காக விரல் வைத்தார்கள். யாரும் காசு வாங்கவில்லை, வாங்கினால் அது கேவலம். வேலை இல்லாதவளுக்கு எண் இறங்கி என்ன ஆகப்போகிறது என்று தெரு நினைத்தது. வேலை இல்லாதவளுக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போவார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாத்திரை பிலோமிக்குக் கேட்டது. நாலாம் மாசம் பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்தாள். ரொமால்டிடம் சொல்லவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் அவன் தன் அம்மாவிடம் சொல்வான், அதற்குப் பிறகு கோயில் மணியே அடிக்க வேண்டாம். ஆகவே உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தது டாக்டருக்கு, அண்ணாச்சிக்கு, அமலி அக்காவுக்கு, அக்காவின் பெரிய மகள் ஜெசிந்தாவுக்கு. நாலே பேர் என்று பிலோமி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் வருஷம் ஜூன் மாசம் குடும்பக் கணக்கு வந்தது. பெற்றவர்கள் தொடர்ந்து மாத்திரை வாங்கினால் பிள்ளையின் எண்ணில் முப்பது குறையும், கூடப்பிறந்தவர்கள் வாங்கினால் ஐந்து குறையும். வாங்குவதை நிறுத்தினால் மூன்று வருஷத்தில் கறை போகும். அந்தச் சுற்றறிக்கையை முனையத்தில் எல்லாருக்கும் அனுப்பியதே பிலோமிதான். அனுப்பி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் அவளுக்குப் புரை ஏறியது. கிரேன் வேலைக்கு வந்திருந்த விண்ணப்பங்களில் மூன்றாவது ஜெசிந்தாவுடையது.

ஜெசிந்தாவுக்கு இருபத்துமூன்று வயது. கிரேன் ஓட்டப் படித்தவள். இப்போதெல்லாம் கிரேன் மேலே ஏறி உட்காருவதில்லை, கீழே குளிர்ந்த அறையில் திரை முன்னால் இருந்தே ஓட்டுவது. தேர்வில் அவளுக்குப் புயல் காற்றில் முப்பது பெட்டி கொடுத்தார்கள். முப்பதையும் ஒன்றோடொன்று உரசாமல் இறக்கி வைத்தாள். முனையத்தின் பழந்தின்று கொட்டை போட்ட ஆட்களே இருபத்தைந்தைத் தாண்டியதில்லை.

நேர்காணலில் மேலாளர் சங்கரபாண்டியன் நடுவில் இருந்தார், பிலோமி பக்கத்தில் குறிப்பெழுத இருந்தாள். மேசைமேல் குங்குமச் சிமிழ் அளவில் ஒரு கருவி. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது, எல்லாரும் சிமிழ் என்றே சொல்வார்கள். பேசுகிறவர் குரலைக் கேட்டு மெய்யா பொய்யா, திடமா பயமா என்று மேலாளர் திரைக்குச் சொல்லும்.

“டெஸ்ட் பிரமாதமா பண்ணியிருக்கீங்கம்மா,” என்றார் சங்கரபாண்டியன். “எண் மட்டும் அறுபத்தேழுல நிக்குது.”

“என்னுது தொண்ணூத்தேழு சார்.”

“உங்களுது சரி. அம்மாவோடதுதான் இடிக்குது. ஏழு வருஷமா மாத்திரை வாங்குறாங்க. நிஜமாவே அவங்கதான் சாப்பிடுறாங்களா? உங்க பக்கம் அடுத்தவங்களுக்கு ரேகை குடுக்கிறதா கேள்வி. அப்படி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. யாருக்குன்னு பேரைச் சொன்னா, உங்க எண் இந்த நிமிஷமே சரியாயிடும். வேலையும் உங்களுக்குத்தான்.”

பிலோமியின் பேனா நின்றது. ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூடப் பிலோமிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அம்மாதான் சார் சாப்பிடுதாவ,” என்றாள் ஜெசிந்தா. “அப்பா போனதுலேருந்து அவுகளுக்கு மனசு சரியில்ல.”

கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகச் சிமிழில் பச்சை விளக்கு ஒரு முறை மினுங்கி அடங்கியது. பிலோமிக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்மேல் வந்த அருவருப்பு ஒரு நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

“சரிம்மா, சொல்லி அனுப்புறோம்,” என்றார் சங்கரபாண்டியன். அதற்கு என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சாயங்காலம் பிலோமி பையை வீட்டில் வைக்காமல் நேரே அமலி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்ன மகள் ரோஸ்லின் உள்ளே உட்கார்ந்து பிளஸ் ஒன் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நான் நாளைக்கு சார்ட்ட சொல்லிருதேன்.”

“என்னத்த?”

“மாத்திரை எனக்குத்தான்னு. சொன்னா ஜெசி எண்ணு சரியாயிரும்.”

அக்கா மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள். “உன் வேல?”

“போவும்.”

“பொறவு டானிக்கு? நீ மாத்திரக்காரின்னு பதிஞ்சா அந்தப் புள்ளைக்கு முப்பது கொறையும்லா. அதுக்குப் பத்து வயசுதான் ஆவுது. இப்பமே அதுக்குக் கதவச் சாத்தப் போறியா?”

பிலோமி குனிந்து, அக்கா எறிந்த மீன் தலையை எடுத்துச் சட்டியில் போட்டாள்.

“நல்லாக் கேட்டுக்க. நீ எங்க செத்துருவியோன்னு பயந்து குடுத்த ரேகை அது. நீ இப்பம் வேலைய விட்டுட்டு மூலைல போய் ஒக்காந்தேன்னா, நான் எதுக்குட்டி குடுத்தேன்?”

ஜெசிந்தா டீ கொண்டுவந்தாள். “விடுங்க சித்தி, சொன்னது சொன்னதுதான். பெங்களூருல எண்ணு கேக்காத கம்பெனி ஒண்ணு இருக்காம். ஒரு பிள்ள சொன்னா.” அப்படி ஒரு கம்பெனி பெங்களூரில் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும். டீயைக் குடித்தார்கள்.

மறுநாள் காலை பிலோமி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மார்பில் ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. போனால் போகட்டும், டானியை எப்படியாவது வளர்த்துவிடலாம், உலகம் இப்படியேவா இருக்கப் போகிறது என்று நினைத்தாள்.

சங்கரபாண்டியன் கோபக்காரர் அல்ல. யாரையும் உரக்கப் பேசமாட்டார். பிலோமி நின்றபடியே, “சார், அந்த மாத்திரை எனக்கு. ஏழு வருஷமா நான்தான் சாப்பிடுறேன்,” என்றாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சிமிழின் அடியில் ஒரு பொத்தானை அழுத்தி அணைத்து, இழுப்பறையில் போட்டு மூடினார். அதை அணைக்க முடியும் என்பதே பிலோமிக்கு அன்றுதான் தெரியும்.

“உக்காருங்க பிலோமினா. எனக்குத் தெரியும்.”

“ஜெசிந்தா சொல்லிட்டாளா சார்?”

“அவ சொல்லுவாளா? ஆறு வருஷத்துக்கு முந்தி சிமிழ் வந்துச்சே, வந்த மாசமே உங்க குரலைக் கேட்டுச் சொல்லிடுச்சு. ‘இவர் மாத்திரை சாப்பிடுகிறார், மறைக்கிறார்’னு.”

“அப்ப ஏன் சார் என்னை வச்சிருந்தீங்க?”

“மறைக்கிறதுனாலதான்.” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஊழியர்களின் பெயர், பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற நிதான எண், அதற்கும் பக்கத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு கட்டம். அவள் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ‘அ’ என்றிருந்தது.

“எண் ஊருக்கு. இந்தக் கட்டம் கம்பெனிகளுக்கு. எல்லாக் கம்பெனியும் இதைத் தங்களுக்குள்ள பகிர்ந்துக்குவாங்க. உங்களுக்கு முதல் வகுப்பு. ஏழு வருஷத்துல எத்தனை நாள் லீவு எடுத்தீங்க?”

“நாலு நாள் சார்.”

“ஞாயித்துக்கிழமை கூப்பிட்டப்ப ஒரு தடவை மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா? உங்களுக்குப் பின்னாடி வந்தவன் உங்களுக்கு மேல போனான், வாயைத் திறந்தீங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவங்க சும்மா இருக்க முடியாது பிலோமினா. தெரிஞ்சிடுமோ தெரிஞ்சிடுமோன்னு மேல மேல சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. கம்பெனிக்கு வேண்டியது அந்தச் சோறுதான்.”

ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே புதைத்த குழந்தைக்கு ஒரு பூசை வைக்க லீவு கேட்க நினைத்து, கேட்காமல் விட்டது பிலோமிக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வேலைக்கு வந்திருந்தாள்.

“அப்படின்னா ஜெசிந்தாவும் மறைச்சாளே சார்,” என்றாள்.

“அவ தனக்காக மறைக்கல, உங்களுக்காக மறைச்சா. கையில வந்த வேலையை வேண்டாம்னு தள்ளி அடுத்தவங்களைக் காப்பாத்துற பொண்ணு, நாளைக்கு இங்க சங்கம் வைப்பா. கடைசி வகுப்பு போட்டிருக்கு. எண் நூறு ஆனாலும் அவ எங்கயும் உள்ள வர முடியாது.” மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். பிறகு அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அதைக் குடுத்தா நான் வாங்கியாகணும். நீங்க வெளிய போவீங்க, உங்க பையனுக்கு முப்பது குறையும், ரேகை குடுத்ததுக்கு அந்தம்மா மேல கேஸ் வரும். அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்காது. யாருக்கு என்ன லாபம்னு நீங்களே சொல்லுங்க.”

பிலோமி கத்தியிருக்கலாம். கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்திருந்த நாற்பது பேரிடமும் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். காலையில் பஸ்ஸில் வந்த பிலோமி அதைச் செய்திருப்பாள். டானியின் பள்ளிக்கூடச் சீருடை, அமலி அக்கா போலீஸ் ஸ்டேஷன் படி ஏற முடியாமல் ஏறுவது, எல்லாம் அவள் கண் முன்னால் ஓடின. தாளை நாலாக மடித்தாள்.

“மாத்திரை காலையிலயா, ராத்திரியா?” என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

“காலையில சார்.”

“அதான் நல்லது. ராத்திரி போட்டா மறுநாள் பதினொரு மணி வரைக்கும் மந்தமா இருக்கு.” அவர் அவளைப் பார்க்காமல் சிமிழ் கிடந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு நம்ம டிரைவரோட மாமனார் ரேகை. போன மாசம் அவருக்கு ரொம்ப முடியாமப் போயிடுச்சு. வேற ஆள் தேடணும்.”

நேர்காணலுக்கு வந்து தேறாதவர்களுக்குக் கடிதம் அனுப்புவது ஆள்சேர்ப்புப் பிரிவின் வேலை. அன்று மத்தியானம் ஜெசிந்தாவின் கடிதத்தைப் பிலோமியே அனுப்பினாள். பெயரில் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பிறகு இரண்டு வாரம் பக்கத்து வீட்டுப் பக்கம் போகவில்லை. என்ன முகத்தோடு போவாள்? மாத்திரை அட்டை தீர்ந்தது. தீர்ந்து நாலாம் நாள் பால் பொங்கி வழிந்தது. இப்போது டானி வளர்ந்துவிட்டான், சேலையைப் பிடித்து இழுக்காமல் அவனே எட்டி அடுப்பை அணைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயதிலேயே அவனுக்குக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்த ஜெசிந்தா, முக்காட்டை எடுக்காமலே பிலோமி வீட்டு வாசலில் நின்றாள். கையில் மருந்துக் கடை உறை.

“அம்மா குடுத்து விட்டாவளாட்டி?” என்றாள் பிலோமி.

“அம்மா ரேகை இல்ல சித்தி. இது என்னுது.”

பிலோமிக்கு விளங்கவில்லை.

“அம்மா ரேகைல வாங்குனா ரோஸ்லினுக்கு முப்பது போவும். என் ரேகைல வாங்குனா அஞ்சுதான். இப்பம் நிறுத்துனா அவ படிச்சி வெளிய வாரதுக்குள்ள அம்மா கறை போயிரும்லா. நேத்து ஒக்காந்து கணக்குப் பாத்தோம்.” ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள். “நானும் இன்னும் நாலு எடத்துல கேட்டுட்டேன் சித்தி. டெஸ்டுல எல்லாம் நாந்தான் மொதல். ஆனா எல்லாரும் சொல்லி அனுப்புதோம்னுட்டானுவ. எண்ணு மட்டும்தான் காரணமான்னு தெரியல. என் ராசி அப்படி போல. எனக்குத்தான் கெடைக்கப் போறதில்லையே, அந்த ரேகை ஒங்களுக்காவது ஆவட்டும்.”

அந்தக் கட்டத்தைப் பற்றி அவளிடம் சொல்வதற்கு இதுதான் நேரம். ராசி இல்லை பிள்ளே, நீ அன்றைக்கு என் பெயரைச் சொல்லாமல் விட்டாயே அதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவள் சும்மா இருக்கமாட்டாள், நாலு பேரைச் சேர்ப்பாள், முனையத்தின் வாசலில் போய் நிற்பாள், பேச்சு எங்கிருந்து வெளியே வந்தது என்று சங்கரபாண்டியனுக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிலோமி அதையெல்லாம் யோசித்துப் பார்த்தாள்.

“வேண்டாம்ட்டி,” என்றுதான் சொன்னாள். கை நீண்டு உறையை வாங்கிக்கொண்டது.

அமலி அக்காவின் பெருவிரல் அன்றோடு குணமாயிற்று. அவள் மகள் ஜெசிந்தாவின் பெருவிரலுக்கு இருபத்துமூன்றாம் வயதில் மன வியாதி வந்தது. திங்கட்கிழமை பிலோமி மாத்திரையைப் போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள்.